மூன்று ரசாயனங்களும் ஓர் உரிமத் தாளும்: ஜப்பான்–தென்கொரியா ஏற்றுமதித் தகராறு, 2019–2023

2019 ஜூலை 1, திங்கட்கிழமை. ஜப்பானின் பொருளாதார, வணிக, தொழில்துறை அமைச்சகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அதில் வரி உயர்வு இல்லை, தடை என்ற சொல்லும் இல்லை. மூன்று ரசாயனப் பொருட்களைத் தென்கொரியாவுக்கு அனுப்பும் ஜப்பானிய நிறுவனங்கள் ஜூலை 4 முதல் ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் தனி உரிமம் வாங்க வேண்டும் என்று மட்டுமே இருந்தது. ஒசாகாவில் ஜி-20 மாநாடு நடந்து, பாகுபாடில்லாத, முன்கூட்டியே கணிக்கக்கூடிய வணிகச் சூழல் வேண்டும் என்று தலைவர்கள் கூட்டறிக்கை விட்டு இரண்டே நாள்தான் ஆகியிருந்தது.

அதே ஆண்டு பிப்ரவரியில் புல்வாமா தாக்குதலுக்குப் பின் இந்தியா, பாகிஸ்தான் சரக்குகள் மீது 200% சுங்க வரி போட்டது. அது எல்லாருக்கும் புரியும் நடவடிக்கை: வரி ஏறியது, சரக்கு நின்றது. ஜப்பான் எடுத்த வழி வேறு. சரக்குப் போகலாம், ஆனால் எப்போது போகும் என்பது அதிகாரியின் மேசையில் இருக்கும். பல மாதங்களுக்கு முன்பே திட்டமிட்டு ஓடும் சிப் தொழிலில் இந்த 'எப்போது' என்ற கேள்வியே பெரிய அடி. அண்டை நாடுகளின் அரசியல் பகை வணிகத்துக்குள் இறங்கும்போது என்ன நடக்கிறது என்பதை இந்த நிகழ்வு போலத் தெளிவாகக் காட்டும் வேறொன்று அண்மைக் காலத்தில் இல்லை என்பேன்.

பகையின் வேர்

கொரியா 1910 முதல் 1945 வரை ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. போர்க்காலத்தில் கொரியர்களை ஜப்பானிய ஆலைகளிலும் சுரங்கங்களிலும் கட்டாய வேலைக்கு இழுத்துப்போனார்கள். 1965இல் இரு நாடுகளும் உறவைச் சீராக்கி ஒப்பந்தம் போட்டபோது ஜப்பான் 30 கோடி டாலர் இலவச உதவியும் 20 கோடி டாலர் கடனும் தந்தது. உரிமைக் கோரிக்கைகள் எல்லாம் 'முழுமையாகவும் இறுதியாகவும்' தீர்ந்துவிட்டன என்பது அந்த ஒப்பந்த வாசகம். ஜப்பான் இன்றுவரை பற்றி நிற்பது அதைத்தான்.

2018 அக்டோபர் 30 அன்று தென்கொரிய உச்ச நீதிமன்றம் வேறு விதமாகச் சொன்னது. சட்டவிரோதமான காலனி ஆட்சியின் கீழ் மனிதத்தன்மையற்று நடத்தப்பட்டதற்கான இழப்பீடு 1965 ஒப்பந்தத்துக்குள் அடங்காது. நிப்பான் ஸ்டீல் நிறுவனம் நான்கு பேருக்கும் தலா 10 கோடி வொன் கொடுக்க வேண்டும். தீர்ப்பு வந்த நாளில் அந்த நால்வரில் உயிரோடு இருந்தவர் ஒருவர்தான், வயது 94. அடுத்த மாதமே மிட்சுபிஷி ஹெவி நிறுவனத்துக்கு எதிராகவும் தீர்ப்பு வந்தது. 2019 ஜனவரியில், கொரியாவின் போஸ்கோவும் நிப்பான் ஸ்டீலும் சேர்ந்து நடத்தும் கூட்டு நிறுவனத்தில் நிப்பான் ஸ்டீலுக்கு இருந்த பங்குகளை முடக்க நீதிமன்றம் அனுமதித்தது. ஜப்பான் நடுவர் மன்றம் கேட்டது. கொரிய அரசு நீதிமன்றத் தீர்ப்பில் தலையிட முடியாது என்றது. பிரதமர் ஷின்சோ ஆபேயும் அதிபர் மூன் ஜே-இன்னும் ஒசாகாவில் ஒரே மண்டபத்தில் இருந்தும் தனியே உட்கார்ந்து பேசவில்லை.

ஏன் இந்த மூன்று?

ஃப்ளோரினேட்டட் பாலியிமைடு, ஃபோட்டோரெசிஸ்ட், ஹைட்ரஜன் ஃப்ளோரைடு. முதலாவது, மடிக்கும் கைபேசித் திரைகளுக்கு வேண்டிய ஒளிபுகும் படலம் செய்ய உதவுவது. இரண்டாவது, சிலிக்கான் வேஃபர் (சிப் உருவாகும் மெல்லிய வட்டு) மேல் பூசி, ஒளியால் மின்சுற்றின் வடிவத்தைப் பதிக்கும் பூச்சு. மூன்றாவது, சிலிக்கான் ஆக்சைடை அரித்தெடுக்கவும் வேஃபரைக் கழுவவும் பயன்படும் அமிலமும் வாயுவும்.

2018இல் தென்கொரியாவின் மொத்த ஏற்றுமதி சுமார் 60,500 கோடி டாலர். அதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று மேல் சிப்கள்தான். அடித்தால் வலிக்கும் இடம் எது என்று ஜப்பானுக்குத் தெரிந்தே இருந்தது. 2019இன் முதல் ஐந்து மாத இறக்குமதிக் கணக்கில் ஜப்பானின் பங்கு பாலியிமைடில் 93.7%, ஃபோட்டோரெசிஸ்டில் 91.9%, ஹைட்ரஜன் ஃப்ளோரைடில் 43.9%.

இந்த எண்களைச் செய்தித்தாள்கள் அப்படியே போட்டன. அங்கேதான் பலர் ஏமாந்தார்கள். சரக்கு வகைக்குத் தரப்படும் சுங்கக் குறியீட்டு எண்ணை மட்டும் பார்த்தால் ஹைட்ரஜன் ஃப்ளோரைடில் ஆபத்துக் குறைவு, ஃபோட்டோரெசிஸ்டில் அதிகம் என்று தோன்றும். உண்மை தலைகீழ். ஃபோட்டோரெசிஸ்டில் கட்டுப்பாட்டுக்குள் வந்தது 13.5 நானோமீட்டர் அலைநீளத்தில் இயங்கும் அதிநவீன ஈயுவி (அதீதப் புறஊதா ஒளி) முறைக்கான வகைதான். நினைவக சிப்களுக்கு அன்றாடம் ஓடிக்கொண்டிருந்த 248, 193 நானோமீட்டர் வகைகளை விதி தொடவில்லை. ஹைட்ரஜன் ஃப்ளோரைடிலோ, மீதிப் பங்கின் பெரும்பகுதி சீனாவிலிருந்து வந்த தூய்மை குறைந்த சரக்கு. வேஃபரில் படும் தரத்துக்கு ஒசாகாவின் ஸ்டெல்லா கெமிஃபாவும் மொரிடா கெமிக்கலும்தான் கதி என்ற நிலை. 43.9% என்ற எண்ணுக்குள்தான் கழுத்து நெரியும் இடம் ஒளிந்திருந்தது. ஒரு பொருளில் இன்னொரு நாட்டை எவ்வளவு நம்பியிருக்கிறோம் என்று கணக்குப் போடுபவர்கள் சுங்கக் குறியீட்டோடு நிற்காமல் தரவாரியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

உரிமம் எப்படி ஆயுதமானது

இந்த மூன்றும் ஆயுதத் தயாரிப்புக்கும் உதவக்கூடியவை என்ற வகையில் ஏற்கெனவே கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருந்தவைதான். ஹைட்ரஜன் ஃப்ளோரைடு சாரின் நச்சு வாயுவுக்கு மூலப்பொருள். ஆனால் ஜப்பான் 2004 முதல் தென்கொரியாவைத் தன் 'வெள்ளைப் பட்டியலில்' வைத்திருந்தது. மொத்தம் 27 நாடுகள் கொண்ட பட்டியல் அது. ஆசியாவிலிருந்து இருந்த ஒரே நாடு தென்கொரியா. அந்தப் பட்டியல் நாடுகளுக்கு அனுப்ப ஒரு முறை மொத்த உரிமம் வாங்கினால் மூன்று ஆண்டு செல்லும். இடையில் எத்தனை கப்பல் போனாலும் கேள்வி இல்லை.

ஜூலை 4க்குப் பின் இந்த மூன்று பொருட்களுக்கும் அந்தச் சலுகை போயிற்று. ஏற்றுமதியாளர் ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் விண்ணப்பம் போட வேண்டும். அதோடு ஒப்பந்த நகல், வாங்குபவர் யார், எந்த ஆலையில் எதற்குப் பயன்படும், வேறு யாருக்கும் கைமாறாது என்ற இறுதிப் பயன்பாட்டாளரின் உறுதிமொழி எல்லாம் சேர வேண்டும். ஒரு தாளில் குறை இருந்தால் விண்ணப்பம் திரும்பி வரும். பரிசீலனைக்கு வழக்கமாகச் சொல்லப்பட்ட காலம் 90 நாள் வரை.

ஆகஸ்ட் 2 அன்று ஜப்பான் அமைச்சரவை அடுத்த படிக்குப் போனது. வெள்ளைப் பட்டியலிலிருந்தே தென்கொரியாவை நீக்க முடிவெடுத்து, ஆகஸ்ட் 28 முதல் அமல்படுத்தியது. அந்தப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட முதல் நாடு அது. உணவும் மரமும் தவிரக் கிட்டத்தட்ட எல்லாச் சரக்கையும், ஆயுதப் பயன்பாட்டுச் சந்தேகம் எழுந்தால் நிறுத்திக் கேட்க ஜப்பானுக்கு வழி பிறந்தது. கொரியச் செய்திகள் ஆயிரத்துக்கு மேற்பட்ட பொருட்கள் தடைப்படும் என்று அலறின. நடந்தது அதுவல்ல. உள் கட்டுப்பாட்டு முறையை அரசிடம் பதிந்து ஒப்புதல் பெற்ற ஜப்பானிய நிறுவனங்கள் 'சிறப்பு மொத்த உரிமத்தில்' வழக்கம்போல அனுப்பிக்கொண்டிருந்தன. ஓசை பெரிதாக இருந்தது ஆகஸ்டில். அடி விழுந்தது ஜூலையில், அதுவும் அந்த மூன்று பொருட்களில் மட்டும்.

ஜப்பான் செய்த பெரிய பிழை என்று நான் கருதுவது அது சொன்ன காரணத்தில் இருக்கிறது. முதல் நாளே அமைச்சகம் இரண்டு கதைகளைச் சேர்த்துச் சொன்னது. ஒன்று, கொரியா தரப்பில் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டில் முறையற்ற நிகழ்வுகள் நடந்தன, அதிகாரிகள் நிலைப் பேச்சும் நடக்கவில்லை. மற்றொன்று, கட்டாய உழைப்புப் பிரச்சினைக்கு ஜி-20க்குள் திருப்தியான விடை வரவில்லை, நம்பிக்கை குலைந்துவிட்டது. முதலாவது பாதுகாப்புக் காரணம், இரண்டாவது அரசியல் காரணம். இரண்டையும் ஒரே அறிவிப்பில் வைத்த பிறகு, இது பழிவாங்கல் இல்லை என்று எத்தனை முறை மறுத்தும் கொரியாவில் மட்டுமல்ல, வெளியிலும் நம்பியவர்கள் குறைவு. உலக வணிக அமைப்பில் தேசப் பாதுகாப்பு விலக்கைக் கேட்பவர் தன் நோக்கம் நேர்மையானது என்று காட்ட வேண்டும். ரஷ்யா–உக்ரைன் சரக்குப் போக்குவரத்து வழக்கில் 2019 ஏப்ரலில்தான் நடுவர் குழு, அந்த விலக்கையும் தன்னால் பரிசீலிக்க முடியும் என்று சொல்லியிருந்தது.

ஒரு டிரம் அமிலத்தின் பாடு

ஹைட்ரஜன் ஃப்ளோரைடைச் சற்றுக் கிட்டே போய்ப் பார்ப்பது நல்லது. மற்ற இரண்டைவிட இதில்தான் தகராறின் முழுப் பாடமும் இருக்கிறது.

மூலம் ஃப்ளோர்ஸ்பார் என்ற கனிமம். பெரும்பாலும் சீனாவிலிருந்து வருவது. கந்தக அமிலத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் ஹைட்ரஜன் ஃப்ளோரைடு வரும். அதில் ஆர்செனிக்கும் பிற உலோகங்களும் கலந்திருக்கும். திரும்பத் திரும்ப வடித்து அவற்றை நீக்குவதே தொழில்நுட்பம். சிப் ஆலைகள் கேட்கும் உயர்தரம் 'பன்னிரண்டு ஒன்பது', அதாவது 99.9999999999%. ஒரு லட்சம் கோடியில் ஒரு பங்கு அழுக்கு. இந்த அமிலம் கண்ணாடியைத் தின்னும், பல உலோகங்களை அரிக்கும். டிரம்மின் உட்சுவரும் குழாயும் வால்வும் ஃப்ளோரோபாலிமர் உறை போட்டவையாக இருக்க வேண்டும். அப்படியிருந்தும் நாட்பட்டால் கொள்கலனிலிருந்து நுண்துகள் இறங்கித் தூய்மை கெடும். ஆகவே ஒரு வருடத்துக்கு வாங்கி அடுக்கிவைத்துக்கொண்டு காத்திருக்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. கட்டுப்பாடு வந்தபோது ஆலைகளில் இருப்பு சில வாரங்கள் முதல் இரண்டு மூன்று மாதம் வரைதான்.

ஜப்பான் சுங்கக் கணக்கின்படி 2019 ஜூனில் தென்கொரியாவுக்குப் போனது சுமார் 2,930 டன். ஜூலையில் 479 டன். ஆகஸ்டில் பூஜ்யம். மாத இறுதியில்தான் வாயு வடிவச் சரக்குக்கு முதல் அனுமதி கிடைத்தது. திரவ அமிலத்துக்கு நவம்பர் நடுப்பகுதிவரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஃபோட்டோரெசிஸ்டுக்கு ஆகஸ்ட் முதல் வாரமே அனுமதி வந்துவிட்டதை இதோடு ஒப்பிட்டால், எதைப் பிடித்துவைத்தார்கள் என்பது விளங்கும்.

கொரியா இதை ஏன் முன்பே சொந்தமாகச் செய்யவில்லை? 2012 செப்டம்பர் 27 அன்று குமி நகரில் ஒரு ஆலையில் டேங்கரிலிருந்து சுமார் 8 டன் ஹைட்ரஜன் ஃப்ளோரைடு கசிந்து 5 பேர் இறந்தார்கள். சுற்றுப்புற ஊர்களில் பயிர்கள் கருகின. அதன்பின் வந்த ரசாயனச் சட்டம் மிகக் கடுமையானது, கடுமையாக இருக்க வேண்டியதும்கூட. எந்த ஊரும் அப்படியொரு ஆலையை ஏற்கத் தயாராக இல்லை. அதைவிடப் பெரிய காரணம் வேறு. ஒரு சிப் ஆலையில் வேஃபர் பல நூறு படிகளைத் தாண்டி வெளியே வர இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். அமிலத்தில் கோளாறு இருந்தால் அது தெரியவருவதற்குள் அத்தனை மாத வேஃபரும் குப்பை. ஓடுகிற வரிசையில் புது ஆளின் டிரம்மை மாட்டிப்பார்க்க எந்த மேலாளரும் துணிய மாட்டார். உள்நாட்டு நிறுவனம் தூய்மையை எட்டினாலும், சோதித்துப் பார்க்க வாங்குபவர் வரிசையில் இடம் தரமாட்டார். இடம் கிடைக்காததால் அனுபவம் வராது. இந்தச் சுழலை எத்தனை மானியம் கொடுத்தும் உடைக்க முடியாமல்தான் இருந்தது. ஜூலை 4 அதை உடைத்தது.

கொரிய சிப் நிறுவனங்களான சாம்சங்கும் எஸ்.கே. ஹைனிக்ஸும் மாற்றுச் சரக்கை நேரடியாக வரிசையில் ஏற்றிச் சோதித்தன. முதலில் அவ்வளவு துல்லியம் தேவைப்படாத படிகளில், வெறும் கழுவலில் பயன்படுத்திப் பார்ப்பது. விளைச்சல் (பழுதில்லாமல் தேறும் சிப்களின் விகிதம்) குறையவில்லை என்றால் நுட்பமான அரித்தலுக்கு ஏற்றுவது என்பதே இத்தகைய மாற்றத்தின் பாதுகாப்பான வரிசை. அரசும் தன் பங்குக்கு ரசாயன ஆலை அனுமதிக் காலத்தைச் சுருக்கியது, ஆய்வுப் பணியாளர்களுக்கு வாரம் 52 மணி நேர வேலை வரம்பில் விலக்குக் கொடுத்தது. ஆகஸ்ட் 5 அன்று 100 முக்கியப் பொருட்களைக் குறித்து, 20ஐ ஓராண்டிலும் 80ஐ ஐந்தாண்டிலும் நிலைப்படுத்தும் திட்டம் வந்தது. 2020 ஜனவரியில் கொரியாவின் சோல்பிரெயின் நிறுவனம் பன்னிரண்டு ஒன்பது தரத் திரவத்தைப் பெருமளவில் செய்யும் திறனை எட்டியது. ஜூனில் எஸ்.கே. மெட்டீரியல்ஸ் 99.999% வாயுவை உற்பத்தி செய்யத் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் சிப் உற்பத்தி வரிசை எதுவும் நிற்கவில்லை.

ஃபோட்டோரெசிஸ்ட் தந்த வேறு பாடம்

இங்கே கதை அவ்வளவு எளிதில்லை. ஃபோட்டோரெசிஸ்ட் என்பது தூய்மைப்படுத்தும் வேலை அல்ல. பாலிமர், ஒளிபட்டால் அமிலம் விடும் சேர்மம், கரைப்பான், சேர்க்கைப் பொருட்கள் ஆகியவற்றின் சமையல் குறிப்பு. ஜேஎஸ்ஆர், டோக்கியோ ஓக்கா கோக்யோ, ஷின்-எட்சு போன்ற ஜப்பானிய நிறுவனங்கள் பல்லாண்டாகக் கைக்குள் வைத்திருக்கும் குறிப்பு. சரக்கு கெடும் காலமும் குறுகியது, குளிரிலும் இருட்டிலும்தான் வைக்க வேண்டும்.

கொரியா பக்கவாட்டில் வழி தேடியது. ஜேஎஸ்ஆர் நிறுவனமும் பெல்ஜியத்தின் ஐமெக் ஆய்வு மையமும் சேர்ந்து லூவனில் ஈயுவி வகையைத் தயாரிக்கும் கூட்டு நிறுவனம் வைத்திருந்தன. பெல்ஜியத்திலிருந்து போகும் சரக்குக்கு ஜப்பானின் உரிமம் வேண்டியதில்லை. 2020 ஜனவரியில் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் தென்கொரியாவின் சோனானில் 2.8 கோடி டாலர் முதலீடு செய்ய ஒப்புக்கொண்டது. டோக்கியோ ஓக்கா கோக்யோ தென்கொரியாவின் இன்ச்சானில் உள்ள தன் ஆலையிலேயே உற்பத்தியைக் கூட்டியது. ஆக, ஜப்பானிய மூளை அப்படியே இருக்க, ஆலை மட்டும் இடம் மாறியது. கட்டுப்பாட்டால் ஜப்பானுக்குப் போன இழப்பு வேலைவாய்ப்பு. இதைக் கொரியாவின் தன்னிறைவு வெற்றி என்று எழுதுவது மிகை. 2022இலும் கொரியா இறக்குமதி செய்த ஃபோட்டோரெசிஸ்டில் முக்கால் பங்குக்கு மேல் ஜப்பானிலிருந்தே வந்தது.

பகை பரவியது

சரக்கில் தொடங்கியது ராணுவத்துக்கும் கடைவீதிக்கும் போயிற்று. ஆகஸ்ட் 22 அன்று தென்கொரியா, ஜப்பானுடன் 2016இல் போட்ட ராணுவத் தகவல் பகிர்வு ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. வடகொரிய ஏவுகணைகளைக் கண்காணிக்க உதவிய ஒப்பந்தம் அது. அமெரிக்கா நெருக்கியபின், நவம்பர் 22 அன்று, காலாவதியாக சில மணி நேரமே இருக்கையில் முடிவை நிறுத்திவைத்தார்கள். ஏற்றுமதிக் கட்டுப்பாட்டை எதிர்த்து செப்டம்பர் 11 அன்று உலக வணிக அமைப்பில் போட்ட வழக்கையும் அன்றே நிறுத்தி, 2020 ஜூனில் மறுபடி எடுத்தார்கள். அதற்குள் அந்த அமைப்பின் மேல்முறையீட்டு மன்றம் உறுப்பினர்கள் இல்லாமல் செயலிழந்திருந்தது. வென்றாலும் தீர்ப்பை அமல்படுத்த வைக்க முடியாத வழக்கு.

'போகமாட்டோம், வாங்கமாட்டோம்' என்ற முழக்கத்தோடு கொரிய மக்கள் ஜப்பானியப் பொருட்களைப் புறக்கணித்தார்கள். இத்தகைய புறக்கணிப்பு இரண்டு மாதத்தில் ஓயும் என்பதுதான் பொதுவான கணிப்பு. ஓயவில்லை. ஜப்பானின் பீர் ஏற்றுமதியில் ஏறக்குறைய 60% வாங்கிய நாடு தென்கொரியா. 2018 அக்டோபரில் 80 கோடி யென்னுக்குப் போன பீர், 2019 அக்டோபரில் பூஜ்யம். ஜப்பானுக்குப் போகும் கொரியப் பயணிகள் செப்டம்பரில் 58% குறைந்தார்கள்.

ஜப்பானின் சுஷிமா தீவைப் பாருங்கள். தென்கொரியாவின் பூசானிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். மக்கள் தொகை ஏறத்தாழ 30,000. 2018இல் அங்கே படகேறி வந்த கொரியர்கள் 4 லட்சத்துக்கும் மேல். விடுதி, உணவகம், வாடகை சைக்கிள், கொரிய எழுத்தில் பெயர்ப்பலகை என்று ஊரே அவர்களை நம்பி நின்றது. ஜூலைக்குப் பின் படகுகள் காலியாயின, பல நின்றன. 1965 ஒப்பந்தத்துக்கும் சுஷிமாவில் நூடுல்ஸ் கடை வைத்திருப்பவருக்கும் என்ன தொடர்பு? ஆனாலும் விலை கொடுத்தவர்களில் முதல் வரிசை அவர்கள்தான்.

அடுத்த வரிசை, ரசாயன நிறுவனங்கள். தென்கொரியா ஜப்பானிடம் வாங்கிய ஹைட்ரஜன் ஃப்ளோரைடு 2018இல் சுமார் 6.7 கோடி டாலர். 2020இல் 1 கோடிக்கும் கீழே. ஸ்டெல்லா கெமிஃபா போன்ற நடுத்தர நிறுவனத்துக்கு அப்படியொரு வாடிக்கையாளர் எளிதில் வாய்ப்பதில்லை. பன்னிரண்டு ஒன்பது தரத்துக்கு விலை கொடுக்கக்கூடிய ஆலைகள் உலகில் விரல்விட்டு எண்ணும் அளவுதான். வாங்குபவருக்கு வேறு வழியில்லை என்று விற்பவரின் அரசு நம்பியது; விற்பவருக்கும் வேறு ஆளில்லை என்பதை அது எடைபோடவில்லை.

சரியானதும் சரியாகாததும்

2022 மே மாதம் பதவியேற்ற அதிபர் யூன் சுக்-யோல் அரசு, 2023 மார்ச் 6 அன்று, தீர்ப்பில் வென்றவர்களுக்கான தொகையை ஜப்பானிய நிறுவனங்களிடம் கேட்காமல் கொரிய அரசு அமைப்பின் கீழ் உள்ள அறக்கட்டளையே கொடுக்கும் என்று அறிவித்தது. 16ஆம் தேதி யூனும் பிரதமர் ஃபுமியோ கிஷிடாவும் டோக்கியோவில் சந்தித்தார்கள். 23ஆம் தேதி மூன்று பொருட்கள் மீதான கட்டுப்பாடு நீங்கியது. கொரியா வழக்கைத் திரும்பப் பெற்றது. வெள்ளைப் பட்டியலில் இடம் திரும்பக் கிடைக்க ஜூலை 21 வரை ஆயிற்று. அறிவிப்பு முதல் அமல் வரை மூன்று நாளில் போட்ட முடிச்சை அவிழ்க்க நான்கு ஆண்டு.

உரிமம் திரும்பியதே தவிர ஆர்டர் பழைய அளவுக்குத் திரும்பவில்லை. சோதித்து, விளைச்சலைப் பார்த்து, குழாய் மாற்றி, ஒருமுறை வரிசையில் ஏற்றிய உள்நாட்டு அமிலத்தை இறக்கிவிட்டு மறுபடி பழைய டிரம்மைச் சோதிக்க எந்த ஆலைக்கும் காரணம் இல்லை.

அரசியல் காரணமும் அப்படியே கிடக்கிறது. வென்றவர்களில் சிலர் அறக்கட்டளைப் பணத்தை வாங்க மறுத்தார்கள். தவறு செய்தவர் கொடுக்க வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது அவர்களின் நிலை. 2023 ஜூலையில் அரசு அந்தப் பணத்தை நீதிமன்றத்தில் கட்டிவைக்கப் போனது. குவாங்ஜு மாவட்ட நீதிமன்றம், உரியவர் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார் என்று கூறி ஏற்க மறுத்துவிட்டது.